உம் கொட்டியவர்

வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கணக்குப் பார்க்காமல் சீனிராஜ் ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது அநேகமாக இதுதான் முதல் தடவை. மதுரையிலிருந்து விருதுநகருக்கு மத்தியானத்துக்கு மேல் கிளம்புகிற பஸ்ஸில் வலது பக்கம் உட்காருகிறவன் மடையன் என்பது அவருடைய தீர்மானம். மேற்கு வெயில் மரத்துக்கு மரம் விட்டு விட்டு முகத்தில் அடிக்கும், கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பாக மின்னும், திருமங்கலம் தாண்டுவதற்குள் மண்டையில் வேலை ஆரம்பித்துவிடும். ஆகவே இடது பக்கம், சக்கரத்துக்கு மேலே இல்லாமல், ஸ்பீக்கருக்குக் கீழே இல்லாமல், முன்னால் பூ வைத்த பெண்கள் இல்லாமல் ஒரு இடம் வேண்டும். கிடைக்காவிட்டால் பஸ்ஸையே விட்டுவிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்படி விட்ட பஸ்களையெல்லாம் சேர்த்தால் ஒரு டிப்போவே வைக்கலாம் என்பாள் அவருடைய மனைவி செல்லக்கனி. இன்றைக்கு அவர் வலது பக்கத்தில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலோரம் செல்லக்கனி, மடியில் ஆஸ்பத்திரிப் பை. பாட்டு அலறுகிறது. வழக்கமாக இந்நேரம் அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் போய், "தம்பி, பாட்டைக் கொஞ்சம் குறைங்க, தலைவலி" என்று சொல்லியிருப்பார். இந்த ஆளை யாரென்றே தெரியாது என்பதுபோல அவள் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. அவள் ஒன்றிரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். எதிர் சீட்டின் முதுகில் யாரோ கிறுக்கியிருந்த இதயப் படத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி கூட. தங்கச்சி கூடப் பேசுறாரு டாக்டர். எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

போனது என்னவோ பெருமையடித்துக்கொள்ளத்தான். ரெண்டு வாரமாகத் தலைவலியே இல்லை என்று அந்த டாக்டரம்மாவிடம் நேரில் சொல்லவேண்டும் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இவருடைய தலைக்குள் எத்தனையோ பெரிய டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கையை விரித்தபோது, இந்தப் பெண்தான் தலையை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டது. ராத்திரி எத்தனை தடவை முழிப்பீங்க, கனவு வருமா, பல்லைக் கடிப்பீங்களா. கேட்டுவிட்டு ஒரு பொடி மாத்திரை எழுதிக் கொடுத்தது. துவரம்பருப்பை ரெண்டாக உடைத்தால் வருகிற அளவு. பருப்பு மில்லில் வேலை பார்க்கிறவருக்கு அந்த அளவு பார்த்ததும் தெரிந்துவிடும். இதுவா என் தலைவலியை எடுக்கப்போகிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எடுத்துவிட்டது. அதைத்தான் சொன்னார். அந்தப் பெண்ணும் சந்தோஷப்பட்டது. அதோடு விட்டிருக்கலாம் அல்லவா, இல்லை, செல்லக்கனி பக்கம் திரும்பி, "நைட்டு எந்திரிச்சு நடக்குறது, அந்த மாதிரி ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டது. "நடக்க மாட்டாரு. போன் பேசுவாரு" என்றாள் இவள். அவர் சிரித்தார். நல்ல ஞாபகம் இருக்கிறது, சத்தமாகச் சிரித்தார். யாரிடமடி பேசினேன் என்று விளையாட்டாகக் கேட்டார். "ஜெயக்கொடிகிட்ட" என்றாள். அப்புறம் டாக்டரைப் பார்த்து, தங்கச்சி கூட, தங்கச்சி கூடப் பேசுறாரு டாக்டர், பாம்பேல இருக்கு, எட்டு வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சொன்னது. "இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும் சார். தூக்கத்துலயே எந்திரிச்சு சமைக்கிறவங்க இருக்காங்க, வண்டியை எடுத்துட்டுப் போனவங்க இருக்காங்க. காலைல ஒண்ணுமே ஞாபகம் இருக்காது. நீங்க பேசத்தான் செஞ்சிருக்கீங்க, நல்லவேளை. இன்னையோட நிறுத்திருவோம்." தலைவலி, என்றார் இவர். "திரும்ப வரலாம். வேற எழுதித் தர்றேன். அது பிடிக்க ஒரு மாசம் ஆகும்."

ஒரு மாசம் ஆகட்டும், ஒரு வருஷம் ஆகட்டும். தலைவலியோடு குடித்தனம் நடத்தத் தெரியாதவரா அவர்? இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இடது புருவத்துக்குள்ளே ஆரம்பித்து, கண்ணுக்குப் பின்னால் போய், காதைச் சுற்றிக்கொண்டு பிடரியில் இறங்கும். பார்க்காத வைத்தியமா. சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார், கண்ணாடி மாற்றினார், மூக்கில் தண்ணீர் விட்டார், மந்திரித்துக் கயிறு கட்டினார், ஒருவர் சொன்னார் என்று ஆறு மாசம் புளியே சேர்க்காமல் சாப்பிட்டு வீட்டில் எல்லோருடைய நாக்கையும் சாகடித்தார். தலைவலி இவரை விடவில்லை. ஆனால் அதற்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. மில்லில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். அந்தச் சத்தம் அவரை ஒன்றும் செய்யாது. மனுஷச் சத்தம்தான் ஆகாது. பிள்ளைகள் சண்டை, பக்கத்து வீட்டுச் சிரிப்பு, கல்யாண வீட்டில் ஆளுக்கு ஆள் நலம் விசாரிப்பது, எல்லாம் காது வழியாக நேரே புருவத்துக்குள் இறங்கும். அதனால் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசப் பழகினார்கள், பிறகு கொஞ்சமாகப் பேசப் பழகினார்கள், பிறகு அவர் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தப் பழகினார்கள். மகள் மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் போனில் ஓஹோவென்று எதையோ சொல்ல ஆரம்பித்தவள், அம்மாவிடமிருந்து போன் அப்பா கைக்கு மாறியதும், சாப்டீங்களாப்பா, தலைவலி எப்படிப்பா இருக்கு, வச்சிரட்டாப்பா என்று மூன்று வார்த்தையில் முடித்துக்கொண்டாள். தங்கமான பிள்ளை, அப்பாவுக்குத் தொந்தரவு கொடுக்காது என்று அதற்கும் பெருமைப்பட்டார். மாத்திரை போட்ட மறுநாள் காலையில் கண் விழித்தபோது, எதையோ தொலைத்துவிட்டது போல இருந்தது. சட்டைப் பையைத் தடவுவது போலத் தலையைத் தடவிப் பார்த்தார். இல்லை. புருவத்தை அழுத்தினார். இல்லை. வெளியே ஒரு காக்கா கத்தியது. அது கத்தி முடிக்கிறவரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். செல்லக்கனி காபியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்ன, என்றார். ஒண்ணுமில்ல, சிரிக்கிறீங்க, என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாமே. முதல் நாளே சொல்லியிருந்தால் மாத்திரையைத் தூக்கி எறிந்திருப்பேனே. எறிந்திருப்பாரா? அது வேறு விஷயம். பஸ் திருமங்கலத்துக்குள் நுழைந்து, பழம் விற்கிறவர்களும் வெள்ளரிக்காய் விற்கிறவர்களும் ஜன்னலில் மோதி, இறங்குகிறவர்களுக்கும் ஏறுகிறவர்களுக்கும் நடுவே சண்டை வந்து ஓய்ந்து, மறுபடி கிளம்பியது. என்ன பேசினேன் என்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டார். "என்ன பேசினேன்?" பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்று காதைக் கொண்டுவந்தாள். அவள் காதைப் பார்த்ததும் கேள்வியை மாற்றிக்கொண்டார். "ஒண்ணுமில்ல, வெள்ளரிக்காய் வேணுமான்னு கேட்டேன்." பஸ் கிளம்பியாச்சே என்பது போல அவரை ஒரு பார்வை பார்த்தாள். என்ன பேசியிருப்பேன். எப்படி ஆரம்பித்திருப்பேன். எட்டு வருஷம் கழித்து ஒருவன் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி என்னவென்று ஆரம்பிப்பான்? பகலில் எத்தனை தடவை அந்தப் பெயர் வரைக்கும் விரலைக் கொண்டுபோய்விட்டு எடுத்திருக்கிறார். பாப்பா என்றுதான் இன்னும் இருக்கிறது போனில். மாற்றவும் இல்லை, அழிக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அந்த ஆள் அழுத்திவிட்டான். அந்த ஆள் என்றுதான் அவருக்கு நினைக்க வந்தது. கைலியோடு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கண் திறந்திருக்குமோ மூடியிருக்குமோ, தன்னுடைய வாயை வைத்துக்கொண்டு, தன்னுடைய குரலில், தன்னுடைய தங்கச்சியிடம் எவனோ ஒருத்தன் ரெண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தலைவலி கிடையாது. அவனுக்கு வீம்பு கிடையாது போலிருக்கிறது. அவனிடம் அவள் பேசுகிறாள். அவருக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஐம்பது வயது தாண்டியவன் தன்மேலேயே பொறாமைப்படுவதாவது. இதெல்லாவற்றுக்கும் அடியில் பயமாக இருந்தது. அவன் எவ்வளவு தூரம் போனான்? தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டானா? சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிட்டானா?

சனிக்கிழமை. அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தால் அதுதான் வந்து நிற்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தது ஒரு வியாழக்கிழமை விடியற்காலை. ஜெயக்கொடி அன்றைக்கே மும்பையில் ரயில் ஏறிவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துவிடும் என்றார்கள், வழியில் எங்கேயோ நின்றுவிட்டது, விளக்கு வைத்த பிறகுதான் வரும் என்றார்கள். இருக்கட்டும், காலையில எடுப்போம், பெத்த மக வந்து முகம் பார்க்க வேண்டாமா, வாய்க்கரிசி போட வேண்டாமா, என்றார் சித்தப்பா. நியாயமான பேச்சு. ஐஸ் பெட்டியில் அப்பா இருந்தார். பெட்டியின் மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஒருத்தி மாற்றி ஒருத்தி ஒப்பாரியை எடுத்தார்கள். வாசலில் கொட்டு. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவரைக் கட்டிப்பிடித்து இடது காதில் அழுதார்கள். வியாழக்கிழமை ராத்திரி அவர் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் மண்டை பிளந்துவிடும் போல ஆகிவிட்டது. துண்டை எடுத்து நெற்றியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டார். கொல்லையில் போய் வாந்தி எடுத்தார். இன்னொரு ராத்திரி இந்தச் சத்தத்தில் இருக்க முடியாது, இருந்தால் அப்பாவோடு சேர்த்து என்னையும் எடுக்கவேண்டும் என்று தோன்றியது. உள்ளே வந்து, "நாளைக்குச் சனிக்கிழமை. சனிக்கிழமை எடுக்கக்கூடாது. பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருவோம்" என்றார். அவ்வளவுதான். சனிக்கிழமை என்றதும் சித்தப்பா வாயை மூடிக்கொண்டார். அந்த ஊரில் யார் சனிக்கிழமையை எதிர்த்துப் பேசுவார்கள். பெண்கள் தலையை ஆட்டினார்கள், ஆமா, சனியில போனா தனியாப் போகாது, மூத்த மகன் சொல்றது சரிதான், குடும்பத்தை நினைச்சுச் சொல்றான். அவருக்கு நல்ல நாள் கெட்ட நாள் எதிலும் நம்பிக்கை கிடையாது. கல்யாணத்தையே அமாவாசையில் வைத்தாலும் சாப்பிட்டுவிட்டு வருகிற ஆள். தலைவலி எடுக்கச் சொன்னது, சனிக்கிழமை மேல் பழியைப் போட்டார். எடுத்துவிட்டார்கள். குளித்துவிட்டு ஆண்கள் ஈரத்துணியோடு வந்து உட்கார்ந்திருக்கும்போது ஆட்டோ வந்தது.

இதற்கு மேல் நினைக்கவேண்டாம். கள்ளிக்குடி இன்னும் வரவில்லை. வெளியே வேலிக்கருவைப் புதர்கள். வெயில் விட்டு விட்டு அடிக்கிறது. இடது கண்ணின் ஓரத்தில் ஏதோ நெளிகிற மாதிரி இருந்தது, கண்ணைக் கசக்கினார். இல்லை, வெயில்தான். அவன் சொல்லியிருப்பான். தூக்கத்தில் இருக்கிறவனுக்குப் பொய்யைக் காப்பாற்றத் தெரியுமா? உன்னை முகம் பார்க்கவிடாமல் பண்ணியது சனிக்கிழமை இல்லை பாப்பா, என் மண்டைதான், என் மண்டைக்காக அப்பாவை அவசர அவசரமாக எடுத்தேன் என்று சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே போனை வைத்திருப்பாளே, மறுநாளும் பேசியிருக்க மாட்டாளே. அப்படியானால் சொல்லவில்லை. அவன் சொல்லாமல், அவளும் தெரியாமல், பாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றால் அது அதைவிட மோசம் இல்லையா. தெரிந்துகொண்டு பேசுகிறாளா, தெரியாமல் பேசுகிறாளா? தெரிந்துகொண்டு எப்படிப் பேச முடியும்? தெரியாமல் பேசுவதை எப்படி வாங்கிக்கொள்வது? இரண்டு பக்கமும் முட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தார். சின்ன வயதில் ஜெயக்கொடிக்குக் கதை சொல்கிற பைத்தியம். பார்த்துவிட்டு வந்த படத்தைப் படுக்கையில் முதலிலிருந்து சொல்லுவாள், சண்டைக் காட்சிக்கு வாயிலேயே சத்தம் கொடுப்பாள். அண்ணன் உம் கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும், நிறுத்தினால் உதை. அவர் தூங்கிக்கொண்டே உம் கொட்டுவார். அதுவும் தெரிந்து, கதைக்கு நடுவே, "உனக்கு ரெண்டு கொம்பு மொளைச்சிருக்குண்ணே" என்பாள். ம், என்பார். அவள் சிரிக்கிற சிரிப்பில் அப்பா எழுந்து வந்துவிடுவார். அந்தச் சிரிப்பு அப்போது வலித்ததா? வலிக்கவில்லை. அப்போது தலைவலியே கிடையாது. அப்புறம் எப்போது, எந்தச் சத்தத்தில் ஆரம்பித்தது என்று யோசித்தார். பிடிபடவில்லை.

"ஏன்டி முதல் நாளே சொல்லல?" கேட்டுவிட்டார். பாட்டு மாறுகிற இடைவெளியில் கேள்வி தெளிவாக விழுந்தது. செல்லக்கனி பையின் கைப்பிடியைத் திருகினாள். "சொல்லத்தான் வந்தேன். காபி கொண்டாந்தேன்ல, அப்பச் சொல்லத்தான் வந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அந்த மொகத்தைப் பார்த்தே எத்தனை வருஷமாச்சு. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்." "நான் என்ன பேசினேன்?" "எனக்கென்ன தெரியும். அண்ணன் தங்கச்சி பேசுற எடத்துல நான் எதுக்கு. அடுப்படியில போயி உக்காந்துக்குவேன். கொஞ்ச நேரங்கழிச்சு வந்து பார்த்தா தூங்கியிருப்பீங்க, போன் நெஞ்சு மேல கெடக்கும்." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரியில நீங்க மருந்து வாங்கப் போனப்ப அவளுக்குச் சொல்லிட்டேன். இனிமே மாத்திரை கிடையாதாம், அண்ணன் ராத்திரி எந்திரிக்க மாட்டாருன்னு. பாவம், காத்துக்கிட்டு இருப்பால்ல." காத்துக்கொண்டு இருப்பாள். மும்பையில் ஏதோ ஒரு மாடியில், வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஒருத்தி போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவருக்காக இல்லை. அவனுக்காக. அந்த ஆளை இன்றைக்கு மத்தியானம் ஒரு சின்னப் பெண் மருந்துச்சீட்டில் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டது.

கள்ளிக்குடி தாண்டும்போது வந்துவிட்டது. வெயில் இல்லை, அதேதான். இடது கண்ணோரத்தில் நெளிந்து நெளிந்து, ரெண்டு வாரம் வெளியூர் போயிருந்த சொந்தக்காரன் வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி, நிதானமாகப் புருவத்துக்குள் வந்து உட்கார்ந்தது. அவருக்கு அழுகை வரும் போல ஆகிவிட்டது. காலையில் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். ஸ்பீக்கரில் ஒருத்தன் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடியும் கண்ணுக்குப் பின்னால் விழுந்தது. எழுந்து போய்ச் சொல்லவேண்டியதுதான். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். பாப்பா. பகலில். பட்டப்பகலில், அவர் முழித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெயர் துடித்துக்கொண்டிருந்தது. செல்லக்கனியும் பார்த்தாள். எடுங்க என்று சொல்லவில்லை. வலது காதில் வைத்தால் பக்கத்து ஸ்பீக்கர் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று இடது காதில் வைத்தார்.

"அண்ணே?" குரல் தடித்திருந்தது. எட்டு வருஷத்தில் குரலுக்குக்கூட வயதாகிவிட்டது. "ம்" என்றார். "முழிச்சிருக்கியா?" "முழிச்சிருக்கேன். பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன்." அவள் தன்னோடு பேசுவதற்குத் தயங்குகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவளைப் போல. "அண்ணி சொன்னாங்க. மாத்திரைய நிறுத்திட்டாங்களாமே." "ஆமா." "நல்லதுதாண்ணே. தூக்கத்துல எங்கயாச்சும் விழுந்து கிழுந்து வச்சா." அவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்தார். "பாப்பா, நான் ராத்திரியில உங்கிட்ட என்ன சொன்னேன்?" "எப்ப?" "இத்தனை நாளா. என்ன சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எதுனாலும் சொல்லிரு." "நீ ஒண்ணுமே சொல்லலண்ணே." "பொய் சொல்லாத." "நீ எங்க சொன்ன? மொத நாள் பாப்பான்னு கூப்பிட்ட, அவ்வளவுதான். எனக்கு உசுரே போயிருச்சு, யாருக்கு என்னவோன்னு. அப்புறம் ஒண்ணும் பேசல. வச்சிட்டியோன்னு பார்த்தா மூச்சு மட்டும் கேக்குது. அண்ணேன்னேன். ம்ன்ன. சின்னப்புள்ளையில கொட்டுவியே, அந்த ம். தூங்குறேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "தெரிஞ்சும் நான் வைக்கலண்ணே. நீ தப்பா நெனைச்சாலும் பரவாயில்ல. அழுதேன். அப்பாவுக்கு அழுதேன். அன்னைக்கு ஆட்டோல எறங்கி அப்பான்னு ஒரு வார்த்தை வாயெடுத்தேன், நீ வாசல்ல நின்னுக்கிட்டு சத்தம் போடாதன்ன. அதோட நின்னதுண்ணே. உள்ளயே நின்னுபோச்சு. இங்க அழுதா மாடி வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுவாங்க, அவருக்கும் நம்ம ஒப்பாரி தெரியாது. நீ கேட்டுக்கிட்டு இருந்த. ஒவ்வொரு அடிக்கும் ம்ன்ன. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா அழுதேன்."

சத்தம் போடாத. அவர் அதைச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. சனிக்கிழமையை எட்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தவருக்கு, அந்த ரெண்டு வார்த்தை எங்கே போயிற்று என்று தெரியாது. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுகிற வார்த்தை, அதில் எதை நினைவு வைப்பது. புருவம் விண்விண்ணென்று தெறித்தது. "பாப்பா, சனிக்கிழமைன்னு நான் சொன்னது..." "தெரியும்ணே." "என்ன தெரியும்?" "வாசல்ல தலையில துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு நின்ன. கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு இருந்துச்சு. நீ என்னைக்குக் கெழமை பார்த்த? பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. எனக்கு அதுல கோவம் இல்லண்ணே. உனக்கு முடியல, எடுத்துட்ட. அதுக்கு என்ன பண்ணமுடியும். அழவாச்சும் விட்டிருக்கலாம்ல." பக்கத்தில் செல்லக்கனி பையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "இன்னும் பாதி மிச்சம் இருக்குண்ணே" என்றாள் ஜெயக்கொடி, ஏதோ வேலையைப் பாதியில் விட்டுவிட்ட மாதிரி. "சரி, போகட்டும். உனக்கு ஆரம்பிச்சிருச்சுல்ல? உன் குரலைக் கேட்டாலே தெரியுது. நீ போய்ப் படு. நான் வச்சிர்றேன்."

வச்சிரட்டாப்பா, என்று மகள் குரல் எங்கிருந்தோ வந்தது. "வைக்காத" என்றார் சீனிராஜ். போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே எழுந்தார். எழுந்த வேகத்தில் தலைக்குள் ஒரு பாறை இடது பக்கம் உருண்டது. கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். "தம்பி, இந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைங்க." கண்டக்டர் அவருடைய சுருங்கிய கண்ணைப் பார்த்தார். "தலைவலியா சார்?" "தலைவலிதான். அதுக்கில்ல. என் தங்கச்சி பேசுது. கேக்கணும்." கண்டக்டர் ஒரு நொடி விழித்துவிட்டு டிரைவர் பக்கம் சாய்ந்து எதையோ திருகினார். பஸ்ஸுக்குள் பாட்டு அடங்கி இன்ஜின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவர் திரும்பி வந்து தன் சீட்டில், வெயில் பக்கத்தில் உட்கார்ந்தார். வலி காதைச் சுற்றிக்கொண்டு பிடரிக்கு இறங்க ஆரம்பித்திருந்தது. வலிக்கிற காதோடு போனை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"அழு பாப்பா" என்றார்.

"பகல்லயாண்ணே? தாங்குவியா?"

"அழு."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, பெற்ற அப்பனைக் கூப்பிட்டு, வெகு தூரத்திலிருந்து, முதல் அடி வந்தது. அது நேரே புருவத்துக்குள் இறங்கியது. சீனிராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"ம்" என்றார்.